நைட் டியூட்டியில் பார்த்ததை அப்படியே எழுதுங்கள்

வாசகர் கேள்வி:

அக்கா, நான் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். மனநல நர்சிங்கைப் படிக்கும்போது போஸ்டிங் போனதோடு சரி, அதன்பிறகு பொது வார்டுதான். போன மாதம் நடந்த இரண்டு விஷயங்கள் மனதை விட்டுப் போகவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன எழுபது வயதுப் பெரியவர் மூன்றாம் நாள் ராத்திரி டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்தார். கட்டிலுக்குக் கீழே குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். வீட்டுக்காரர்கள் காத்து அடித்துவிட்டது என்று திருநீறு கொண்டுவந்தார்கள். கையைக் காஸ் துணியால் கட்டிலோடு கட்டச் சொன்னார்கள், கட்டினோம். நோட்ஸில் 'அப்நார்மல் பிஹேவியர், நான்-கோஆபரேட்டிவ்' என்று எழுதினேன். காலையில் மனநல டாக்டர் வந்தபோது பெரியவர் தெளிவாகப் பேசினார். 'தற்போது மனநோய் அறிகுறி இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்று எனக்குத்தான் திட்டு.

இன்னொன்று, எலி பேஸ்ட் சாப்பிட்டு வந்த கல்லூரிப் பெண். இரண்டாம் நாள் சிரித்துப் பேசினாள். அவளிடம் சாவைப் பற்றிக் கேட்க நினைத்தேன். 'அதையெல்லாம் கேட்டுக் கிளறாதே, மறுபடி தோணிடும்' என்று இன்சார்ஜ் சிஸ்டர் தடுத்துவிட்டார். அவர் சொன்னது சரியா? மனநிலையைப் பரிசோதிப்பது என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? அதற்கென்று தனியாகப் படிக்க வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இதைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. கேட்கப்பட்டவர்களில் பலருக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்குகிறது. உங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அக்கறையில்தான் தடுத்திருப்பார், ஆனாலும் அவர் சொன்னது சரியல்ல. அந்தப் பெண்ணைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன். முதலில் பெரியவரிடம் வருவோம்.

'அப்நார்மல் பிஹேவியர்' என்ற சொல்லை இன்றோடு உங்கள் நோட்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள். அதைப் படிக்கும் டாக்டருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. நீங்கள் கண்ணால் பார்த்தது எவ்வளவோ இருந்தது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எதைப் பிடுங்கினார், என்ன சொன்னார், உங்களை யாரென்று நினைத்தார், கை நடுங்கியதா, வியர்த்ததா, உடம்பு சுட்டதா, எப்போது தூங்கினார். இவற்றில் ஒன்றுகூடக் காகிதத்துக்கு வரவில்லை. மனநல டாக்டர் பார்த்தது காலையில் சில நிமிடங்கள். நீங்கள் பார்த்தது ராத்திரி முழுக்க. அவர் எழுதியதில் தவறில்லை, அந்த நேரத்தில் அவர் முன்னால் இருந்த மனிதர் தெளிவாகத்தான் இருந்தார். பகலில் தெளிந்து ராத்திரியில் குழம்புவதுதான் இந்த நிலையின் அடையாளமே. அதைச் சொல்ல உங்கள் நோட்ஸைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இந்த நிலைக்கு டெலிரியம் என்று பெயர், படித்திருப்பீர்கள். திடீர் மனக்குழப்பம். மூளை நன்றாகத்தான் இருக்கும். உடம்பில் எங்கோ ஒரு கோளாறு அதைத் தடுமாற வைக்கும். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு, குறிப்பாக இடுப்பு எலும்பு முறிவில், இது மிகவும் சகஜம். இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எப்போதிலிருந்து? 'முந்தாநேத்து வரைக்கும் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாருங்க' என்று மகள் சொன்னால், எழுபது வயதில் புதிதாக மனநோய் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உடம்பைத் தேடுங்கள். ஸ்கிசோஃப்ரினியா போன்ற நோய்கள் பெரும்பாலும் இளம் வயதில், வாரக்கணக்கில் மாதக்கணக்கில் மெதுவாக வரும். காதில் குரல் கேட்பதுதான் அதில் அதிகம். கண்ணுக்குக் குழந்தைகள், பூச்சிகள், பூனைகள் தெரிகின்றன என்றால் முதல் சந்தேகம் உடம்பின் மேல் விழ வேண்டும்.

அடுத்தது கவனம். டெலிரியத்தில் முதலில் கெடுவது அதுதான். பாடப்புத்தகத்தில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல் என்று இருக்கும். பள்ளிக்கூடம் போகாத பெரியவரிடம் அதைக் கேட்டால் அவர் கவனம் தெரியாது, படிப்புதான் தெரியும். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். 'ஐயா, ஞாயிறு, சனி, வெள்ளின்னு பின்னாடியே போங்க பாப்போம்.' தெளிவாக இருப்பவர் கொஞ்சம் யோசித்தாவது புதன், செவ்வாய் தாண்டிப் போவார். குழம்பியவர் வெள்ளியில் நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பார், அல்லது சனி, ஞாயிறு என்று முன்பக்கம் திரும்பிவிடுவார், அல்லது நடுவில் 'அந்த மாட்டைப் புடிச்சுக் கட்டு' என்பார். அரை நிமிட வேலை இது. ஊசி போடப் போகும்போதே கேட்டுவிடலாம். தேதி கேட்பதும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் யாருக்கும் தேதி சரியாகத் தெரியாது. இப்போது காலையா சாயங்காலமா, இது என்ன இடம், அமாவாசை போய்விட்டதா, வீட்டில் இந்த வருஷம் என்ன போட்டிருக்கிறீர்கள், நெல்லா கடலையா என்று கேளுங்கள். நீங்கள் ஊர்க்கதை பேசுகிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

கவனம் கெட்டிருக்கிறது, திடீரென்று வந்தது, ஏறி இறங்குகிறது. இந்த மூன்றும் இருந்தால் மனநல டாக்டரைக் கூப்பிடும் முன்பே உங்கள் கையில் வேலை இருக்கிறது. சர்க்கரை பாருங்கள், அதுதான் முதல். குறைந்த சர்க்கரை மனிதனை எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்ள வைக்கும். அதைத் தவறவிட்டதற்கு யாரும் சமாதானம் சொல்ல முடியாது. ஆக்சிஜன் அளவு, காய்ச்சல், பி.பி., நாடி. அடிவயிற்றில் கை வையுங்கள், சிறுநீர் கட்டிக்கொண்டு வயிறு கல்லாக இருக்கிறதா? கடைசியாக எப்போது மலம் கழித்தார்? வலி மருந்து விட்டுப் போயிருக்கிறதா? ரத்தத்தில் சோடியம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். பிறகு மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ராத்திரியில் தொந்தரவு செய்கிறார், தூங்கட்டும் என்று அலர்ஜி மருந்துகளான ஏவில், ஃபெனர்கன் ஊசி போடும் பழக்கம் பல வார்டுகளில் உண்டு. முதியவருக்கு இந்த இரண்டுமே குழப்பத்தைக் கூட்டும். ஊசி போட்டும் அடங்கவில்லையே என்று இன்னொன்று போடுவார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

அவர் மூக்குக் கண்ணாடி எங்கே இருந்தது? பெரும்பாலும் மகனின் பையில் பத்திரமாக இருக்கும். கண்ணாடி இல்லாமல், மங்கிய விளக்கில், தெரியாத இடத்தில், சுருட்டி வைத்த போர்வை குழந்தையாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன? கண்ணாடியைப் போட்டுவிட்டு, விளக்கைக் கொஞ்சம் கூட்டி, பழகிய முகம் ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'அப்பா, இது ஆஸ்பத்திரி, காலுக்கு ஆபரேஷன் முடிஞ்சிருக்கு, நான் நர்ஸ்' என்று மணிக்கொரு தரம் சொல்வதுகூட ஒரு சிகிச்சைதான்.

இன்னொரு வாய்ப்பையும் நீங்கள் மறந்துவிடக் கூடாது. மூன்றாம் நாள் ராத்திரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாள் கணக்கு எனக்கு உறுத்துகிறது. தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். 48 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் வருவதுதான் டெலிரியம் ட்ரெமென்ஸ், குடி நின்றதால் வரும் கடும் குழப்பம். விழுந்து அடிபட்டு, சேர்த்து, ஆபரேஷன் முடிந்து, மூன்றாம் நாள் என்றால் அந்தக் கணக்கில் சரியாக விழுகிறது. எழுபது வயதுப் பெரியவர், கௌரவமான குடும்பம் என்பதால் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிடுகிறோம். கேட்டாலும் 'குடிப்பாரா?' என்று மருமகள் முன்னால் கேட்கிறோம். அந்த இடத்தில் யார் ஆமாம் என்பார்கள்? மகனைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய், 'கடைசியா எப்ப சாப்பிட்டாரு? குவார்ட்டரா, அதுக்கு மேலயா? காலையில எழுந்ததும் கை நடுங்குமா?' என்று கேளுங்கள். உண்டா இல்லையா என்பதைத் தாண்டி, எப்போது, எவ்வளவு என்று கேட்டால் உண்மை வரும். திட்டுகிற தொனி குரலில் இருக்கவே கூடாது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் தெரியுமா? லோராசெபாம், டயசெபாம் வகை மாத்திரை, குடி நிறுத்தியதால் வந்த குழப்பத்துக்கு உயிர் காக்கும் மருந்து. அதே மாத்திரை, கிருமித் தொற்றாலோ சோடியம் குறைந்தோ வந்த குழப்பத்தில் நிலைமையை மோசமாக்கும். எது என்று முடிவு செய்வது டாக்டர்தான், ஆனால் அவர் அந்த முடிவை எடுப்பது நீங்கள் வராந்தாவில் கேட்டு வந்த ஒரு வரியை வைத்து. அப்படிக் குடிக்கிறவர் என்று தெரிந்தால், குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி எழுதப்பட்டிருக்கிறதா என்று டாக்டருக்கு ஞாபகப்படுத்துங்கள். தயமின் பற்றாக்குறையில் வெறும் குளுக்கோஸ் போனால் வெர்னிக்கி என்ற மூளைப் பாதிப்பு வரலாம். அது நிரந்தரமாகவே தங்கிவிடவும் கூடும்.

பூச்சிமருந்து கேஸ்களில் முறிவு மருந்தான அட்ரோபின் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இதே காட்சியைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் எதையோ பிடிப்பார், துணியைப் பிய்ப்பார். உடம்பு சுடும், வாய் உலர்ந்திருக்கும், கண்பாவை விரிந்திருக்கும், வயிற்றில் குடல் சத்தமே கேட்காது. அது அட்ரோபின் அதிகமானதற்கு அடையாளம். 'சாகணும்னு மருந்து குடிச்சவன், மூளை கலங்கிட்டான்' என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

சத்தம் போடுகிறவரை வார்டே பார்க்கும். பக்கத்துக் கட்டிலில் பேசாமல், சாப்பிடாமல், பாதிக் கண் மூடிச் சுருண்டு கிடக்கும் பாட்டியை யாரும் பார்ப்பதில்லை. டெலிரியம் அப்படியும் வரும், அமைதியாக. அதை மனச்சோர்வு என்று எண்ணிவிடுவார்கள், இல்லாவிட்டால் 'நல்ல பேஷண்ட், தொந்தரவே இல்ல' என்று டியூட்டி மாறும்போது ஹேண்ட் ஓவரில் சொல்லிவிடுவார்கள். அவரிடமும் கிழமைகளைக் கேளுங்கள்.

கையைக் கட்டியது பற்றி. நீங்களே உறுத்தலோடு எழுதியிருப்பதால் பழி சொல்ல மாட்டேன். ஆனால் விதியைச் சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் கட்டிப்போடுவதற்கு என்று தனிப் பிரிவு இருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும், காரணத்தை எழுதி வைத்து. தண்டனையாகக் கூடாது, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டவும் கூடாது. சங்கிலியால் கட்டுவதற்கு முற்றிலும் தடை. இந்தப் பிரிவு மனநல நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது என்றாலும், எலும்பு முறிவு வார்டில் படுத்திருப்பவருக்கு அதைவிடக் குறைந்த மரியாதை போதும் என்று யாரும் சொல்ல முடியாது. ஏர்வாடியை நம் ஊர் மறந்திருக்காது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் டாக்டர் எழுதிய உத்தரவு இருக்கட்டும், ஒரு பெரிய துணிப் பட்டை இருக்கட்டும், விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும், அடிக்கடி அவிழ்த்து மணிக்கட்டின் நிறத்தைப் பாருங்கள். காஸ் துணி இழுக்க இழுக்க இறுகும், தோலை அறுக்கும். கட்டியதும் பெரும்பாலும் குழப்பம் கூடத்தான் செய்யும்.

வீட்டுக்காரர்களின் காத்து கருப்புப் பேச்சுக்கு நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். திருநீறு பூசட்டும், டிரிப்ஸும் ஓடட்டும். அவர்களை அவமானப்படுத்தினால் நாளைக்கு உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது அவர்கள் வாயிலிருந்து வரும் தகவல்தான். இதோடு இன்னொன்று: ஆடி மாதத்தில் கோயிலில் சாமி ஆடி, அருள் விலகியதும் வீட்டுக்கு வந்து உலை வைக்கும் பெண்ணுக்கு மனநோய் என்று எழுதிவிடாதீர்கள். கணவர் இறந்த மாதத்தில் வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது என்று சொல்லும் அம்மாவுக்கும் அப்படித்தான். ஊரார் இதை எப்படிப் பார்க்கிறார்கள், அவர் அன்றாட வேலைகளுக்குத் திரும்பிவிட்டாரா, தூக்கம் சாப்பாடு எப்படி என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

அப்படியானால் அந்த ராத்திரி என்ன எழுதியிருக்கலாம்? நான் இப்படி எழுதியிருப்பேன்: 'இரவு 11.40. டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார். கட்டிலுக்குக் கீழே குழந்தைகள் இருப்பதாகச் சொன்னார். அவர் சொன்னது: "புள்ளைங்க பசியா இருக்கு, சோறு போடு." என்னைத் தன் அக்கா என்று அழைத்தார். இடம் தெரியவில்லை, இப்போது சாயங்காலம் என்கிறார். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்ல முடியவில்லை, சனியில் நின்றுவிட்டார். மாலை 6 மணிக்குத் தெளிவாகப் பேசியதாக மகள் சொல்கிறார். கை நடுக்கம், வியர்வை உண்டு அல்லது இல்லை. நாடி, பி.பி., வெப்பம், ஆக்சிஜன், சர்க்கரை இவ்வளவு. 11.50க்கு டியூட்டி டாக்டரிடம் தெரிவித்தேன். 2.15க்குத் தூங்கினார். காலை 6.30க்கு என்னைச் சிஸ்டர் என்று அழைத்தார், இரவு நடந்தது நினைவில்லை.' இதைப் படித்த எந்த மனநல டாக்டரும் 'அறிகுறி இல்லை' என்று எழுதிவிட்டுப் போக மாட்டார். நோயாளியின் வார்த்தையை அவர் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். நோய்க்குப் பெயர் வைக்கிற வேலையை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

மனநிலைப் பரிசோதனை என்று நீங்கள் படித்த நீண்ட படிவமும் இதைத்தான் கேட்கிறது. தோற்றம், நடத்தை, பேச்சு, மனநிலை, எண்ணம், புலனுணர்வு, நினைவாற்றல், தன் நோயைப் பற்றிய அவரது புரிதல். தனியாக நேரம் ஒதுக்கித்தான் செய்ய வேண்டும் என்றில்லை. தலை சீவியிருக்கிறாரா, ஒரே சட்டையை மூன்று நாளாகப் போட்டிருக்கிறாரா, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது, சாப்பாட்டுத் தட்டு எப்படித் திரும்பி வருகிறது என்பதெல்லாம் மருந்து கொடுக்கும்போதே கண்ணில் படும் விஷயங்கள்தாம். மனச்சோர்வை நம் மக்கள் பெரும்பாலும் உடம்பின் பேரில்தான் சொல்வார்கள்: தலை பாரம், உடம்பெல்லாம் எரிச்சல், நெஞ்சு அடைக்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது. எல்லா டெஸ்டும் நார்மல் என்று வந்தபின் 'சும்மா சொல்றாங்க' என்று ஒதுக்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த இரண்டு வாரமாக மனசு சோர்ந்தே இருக்கிறதா? முன்பு பிடித்த காரியங்களில் ஆர்வம் போய்விட்டதா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 படிவத்துக்குப் போகலாம். மொத்தம் 27 மதிப்பெண்; 10 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டர் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவு பற்றியது, அதில் ஒரு மதிப்பெண் வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் பேச உட்கார வேண்டும்.

இனி அந்தப் பெண்.

எலி பேஸ்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் ஏமாற்றும் விஷம். முதல் நாள் வாந்தி, வயிற்று எரிச்சல். அடுத்த ஓரிரண்டு நாள் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். சிரிப்பார்கள், இட்லி கேட்பார்கள். அதன்பிறகுதான் கல்லீரல் விழத் தொடங்கும். அந்த நல்ல நாளில்தான் குடும்பம் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகப் பார்க்கும். அதே நாளில்தான் நாமும் 'மனசு தேறிட்டா' என்று நினைத்துவிடுகிறோம். அவள் சிரித்ததை வைத்து உடம்பையும் கணிக்காதீர்கள், மனதையும் கணிக்காதீர்கள்.

திரையை இழுத்துவிட்டு, அம்மாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். நின்றுகொண்டு கேட்கும் கேள்விக்கு நிற்கிற நேரத்துக்கான பதில்தான் வரும். 'ஏன்மா இப்படிப் பண்ணின, அப்பா அம்மாவை நினைச்சுப் பாத்தியா?' என்ற வாக்கியம் மட்டும் வாயில் வரவே கூடாது. அதை அவள் ஏற்கெனவே ஊர் முழுக்கக் கேட்டிருப்பாள். படிப்படியாகப் போங்கள். 'அன்னிக்குக் காலையில இருந்து என்ன நடந்துச்சு, சொல்றியாம்மா?' 'வாழ்றதே வேண்டாம்னு எத்தனை நாளா தோணிட்டிருந்துச்சு?' 'சாப்பிடும்போது செத்துடுவோம்னு நினைச்சியா?' 'யாராவது பாத்துடுவாங்கன்னு தெரியுமா, யாரும் இல்லாத நேரமாப் பாத்தியா?' 'யாருக்காவது மெசேஜ் போட்டியா?' கடைசியாக நான் எப்போதும் கேட்பது: 'இப்ப பொழச்சுக்கிட்டது நல்லதுன்னு தோணுதா, வருத்தமா இருக்கா? இந்த நிமிஷம் அந்த நினைப்பு இருக்கா?' வருத்தம் என்று சொன்னாலோ, பதிலே சொல்லாமல் சுவரைப் பார்த்தாலோ, அன்று ராத்திரி அவள் கட்டில் நர்ஸ் மேஜைக்கு எதிரில் இருக்க வேண்டும்.

'யாருக்கும் சொல்லாதீங்க அக்கா' என்பாள். அந்த வாக்கைக் கொடுத்துவிடாதீர்கள். 'உன் உயிரைக் காப்பாத்த வேண்டிய ஆளுங்ககிட்ட மட்டும் சொல்வேன், மத்தது என்கிட்டயே இருக்கும்' என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு சாப்பிட்டாள் என்பதை வைத்து எவ்வளவு சாக நினைத்தாள் என்று அளக்காதீர்கள். நான்கு பாரசிட்டமால் போட்டவள் அது போதும் என்று நம்பியிருக்கலாம். 'அட்டென்ஷன் சீக்கிங்', 'டிராமா' என்று கேஸ் ஷீட்டில் எழுதாவிட்டாலும் வார்டில் காதுபடப் பேசுகிறார்கள். அதைக் கேட்ட பெண் அடுத்த முறை யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். ஒருமுறை முயன்றவர்தான் மறுபடி முயலும் ஆபத்து அதிகம் உள்ளவர், வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் இன்னும் அதிகம்.

போலீஸ் பயமும் அவள் வாயை அடைத்திருக்கும். எம்.எல்.சி. (மெடிகோ லீகல் கேஸ்) என்று போலீஸுக்குத் தகவல் போவது நடைமுறை. ஆனால் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதச் சொல்கிறது. அவரைத் தண்டிக்கக் கூடாது, பராமரிப்பதும் மறுவாழ்வு கொடுப்பதும் அரசின் கடமை என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவே இல்லை. இதை அவளிடமும் பெற்றோரிடமும் நீங்களே சொல்லலாம். பல வீடுகளில் 'தெரியாம சாப்பிட்டுட்டா' என்று பொய் சொல்வது இந்தப் பயத்தால்தான்.

வார்டில் பழம் நறுக்கும் கத்தி, தலைமாட்டில் மிச்சம் வைத்த மாத்திரை அட்டை, குளியலறையின் உள்தாழ்ப்பாள், துப்பட்டா, இவற்றின் மேல் கண் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் அன்று பெற்றோரிடம் பேச வேண்டியது அறிவுரை அல்ல. வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தாவின் மாத்திரைகள் அன்றைக்கே அப்புறப்படுத்தப்பட வேண்டும் அல்லது பூட்டில் போக வேண்டும். மனநலப் பிரிவில் அடுத்த வருகை எந்தத் தேதி, யார் கூட்டிவருவார் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். மனநல உதவி எண் 'டெலி மானஸ்' 14416, தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104, இந்த இரண்டு எண்களையும் அவள் போனிலேயே பதிய வைத்து அனுப்புங்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

உங்கள் இன்சார்ஜ் சிஸ்டருடன் இதை வைத்து மோத வேண்டாம். மனநலப் பிரிவு டாக்டரையோ நர்ஸையோ ஒரு மதியம் வார்டுக்கு அழைத்து இந்த ஒரு விஷயத்தைப் பற்றி எல்லோருக்கும் அரைமணி நேரம் பேசச் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல டாக்டரோடு சைக்காலஜிஸ்ட், சமூகப் பணியாளர், மனநல நர்ஸ் என்று ஒரு குழுவே உண்டு. உங்கள் மருத்துவமனையில் அவர்கள் அறை எங்கே, எந்த நாளில் இருப்பார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பொது வார்டு நர்ஸ் ஒருவர் தேடி வந்தால் அவர்களுக்குச் சந்தோஷமாகவே இருக்கும்.

தனியாகப் படிப்பது உங்கள் விருப்பம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் மனநல நர்சிங் டிப்ளமா இருக்கிறது; மனம் இருந்தால் கண்டிப்பாகப் போங்கள், நல்ல படிப்பு. ஆனால் படித்து முடித்து வந்தபிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நாளைக்கு டியூட்டிக்குப் போனதும், அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆபரேஷன் கேஸ்கள் எல்லோரிடமும் கிழமைகளைப் பின்னோக்கிக் கேட்டுக் குறித்து வையுங்கள், தெளிவாக இருப்பவர்களிடமும்தான். முதல் நாள் சரியாகச் சொன்னவர் மூன்றாம் நாள் தடுமாறினால், அன்று ராத்திரிக்கு முன்பே டாக்டருக்குச் சொல்ல உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

அன்புடன்,
அக்கா